எலுமிச்சைச் சாற்றில் எழுதிய கடுதாசி

உம்மு ஹபீபா வீட்டில் எலுமிச்சம்பழம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். பாம்பனில் மீனைத் தவிர எல்லாமே ரயிலேறி வரவேண்டும், எலுமிச்சம்பழமும் அப்படித்தான். ஆறு வாங்கி வைத்தால் மறுநாள் நாலு இருக்கும்.

"வெள்ளையக்கா, எலி எலுமிச்சம்பழம் திங்குமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"பித்தம் தலைக்கேறின எலியா இருந்தா திங்கும்," என்றேன்.

எனக்கு அந்த எலியைத் தெரியும். அதற்குப் பதினாலு வயது, இரட்டைச் சடை, பெயர் காலிதா. ஹபீபாவின் ஒரே மகள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். ஒரு ஐப்பசி மழையில் ஓராள் அகலத்துக்கு இடிந்தது. அப்புறம் யாரும் எடுத்துக் கட்டவில்லை. நாங்கள் பரமக்குடிப் பக்கத்து ஆட்கள். என் வீட்டுக்காரர் மருதுபாண்டிக்குப் பாம்பன் பாலத்தில் ரயில்வே வேலை. ரயில்வே லயத்து வீடுகளில் இடம் கிடைக்காமல் மரைக்காயர் தெருவுக்கு வாடகைக்கு வந்தோம். அடுத்த வீட்டு சங்கதி தெரிந்துகொள்ள நான் படாத பாடு படுவதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொய். ஒரு பாடும் படுவதில்லை. அந்த இடைவெளிக்கு நேராக என் அம்மி கிடக்கிறது. அரைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

காலிதாவுக்குப் பித்தம் ஏற்றியது நான்தான். தனுஷ்கோடியில் கப்பலேறப் போகிறவர்கள் ரயிலில் படித்த புத்தகங்களை இருக்கையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். வண்டி கழுவுகிறவர்கள் அதைப் பொறுக்கி என் வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் அடுப்பு மூட்ட ஆகும் என்று எனக்குக் கொண்டுவருவார். அப்படி வந்தவைதான் அந்த உளவாளிக் கதைகள். உள்ளங்கை அகலம், பழுப்புத் தாள், அட்டையில் கைத்துப்பாக்கி. கதாநாயகன் குமரேசனுக்குப் பதினாறு வயது; தங்கை வத்சலாவுக்குப் பதினாலு. தேசத்தின் ராணுவ ரகசியங்களை யார் யாரோ திருடிக்கொண்டே இருப்பார்கள். பெரியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இந்த இரண்டும் போய் மீட்டுவரும். வத்சலா ஓடுகிற ரயிலின் கூரைமேல் நடப்பாள். மோட்டார்ப் படகு ஓட்டுவாள். மூன்று நாள் பாதாள அறையில் கிடப்பாள். பசிக்காது, தலையில் பேன் கடிக்காது, எங்கே போனாய் என்று ஒரு பிராணி கேட்காது. கடைசிப் பக்கத்தில் போலீஸ் கமிஷனர் வந்து தோளில் தட்டிக்கொடுப்பார்.

நான் பதினோரு புத்தகம் படித்தேன். பெண்பிள்ளை கையில் கொடுக்கத் தக்கதா என்று பார்க்க வேண்டாமா? அப்படிப் பார்த்ததில் இரண்டு நாள் சோறு அடிப்பிடித்தது.

காலிதாவை ஏழாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். பெரியவளான பிள்ளை வாசலுக்கு வரக்கூடாது என்பது தெரு வழக்கம். கொல்லைக் கிணறு, துணி காய்கிற கயிறு, எங்கள் சுவர் இடைவெளி, இவ்வளவுதான் அவளுடைய உலகம். அப்படிப்பட்ட பிள்ளை ரயில் கூரையில் நடக்கிறவளைப் பற்றிப் படித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று தரம் படித்தாள். நான்காம் தரம் எனக்கே கதை சொன்னாள்.

"பெரியம்மா, வத்சலாவுக்கு ஒரு சவுரியம் கவனிச்சீங்களா?" என்றாள் ஒரு நாள். "சின்னப்புள்ளைன்னு யாரும் அவளைக் கண்டுக்கிட மாட்டாங்க. வில்லன் அவ முன்னாடியே எல்லாத்தையும் பேசுவான். இங்கனயும் அப்படித்தான். நான் நிக்கிறதே தெரியாத மாதிரி மாமா பேசும்."

"உங்க மாமா என்ன ராணுவ ரகசியமா பேசப்போறாரு? சங்கு வெல பேசுவாரு."

"நேத்துப் பேசுனதக் கேட்டா நீங்க அரைக்கிறத விட்டுருவீங்க."

விட்டேன்.

அவள் சொன்னது இது. தாய்மாமன் சுஐபு மரைக்காயர் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சுஐபுக்குச் சங்கு வியாபாரம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஹபீபாவின் கணவர் சதக்கத்துல்லா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் சிப்பந்தி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவர். அதனால் அந்த வீட்டுக்கு ஆம்பளை என்றால் சுஐபுதான். மாப்பிள்ளை காதர் மைதீன், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். முப்பத்தெட்டு வயது. முதல் பெண்டாட்டி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள், மூன்று பிள்ளைகள்.

"அவரோட மூத்த மக ரஹ்மத்து எங்கூட அஞ்சாப்பு படிச்சா, பெரியம்மா. நான் அவளுக்கு வாச்சாவா?" என்றாள். வாச்சா என்றால் அவர்கள் பேச்சில் சின்னம்மா.

நிக்காஹ்வுக்கு ஒரே ஒரு தடைதான் இருந்தது. அவர்கள் மார்க்கத்தில் பெண்ணைக் கொடுக்கிற உரிமை தகப்பனுக்கு. தகப்பன் ஊரில் இல்லையென்றால், எனக்குப் பதில் இன்னார் நின்று கொடுக்கலாம் என்று அவர் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு வக்காலத்து என்று பெயர். அந்த ஒரு தாள் கொழும்பிலிருந்து வந்தால் காலிதா கதை முடிந்தது. வராவிட்டால் நிக்காஹ் நடத்திவைக்கிற லெப்பை ஓதமாட்டார்.

"வாப்பாவுக்கு என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு தெரியல. மாப்பிள்ளைக்கு இருபத்தஞ்சுன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க ஒரு கடுதாசி போடுங்க பெரியம்மா. விலாசம் எனக்கு மனப்பாடம்."

நாங்கள் குடியிருந்தது சுஐபு மரைக்காயருடைய வீடு. அதனால் நான் சொன்னேன்: "அது உங்க வீட்டு விவகாரம், தாயி. ஊர் வம்பு நமக்கெதுக்கு?"

ஊர் வம்பு எனக்கெதுக்கு என்று நான் கேட்டதைப் பாம்பனில் வேறு யார் கேட்டிருந்தாலும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். காலிதா சிரிக்கவில்லை. சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எலுமிச்சம்பழம் காணாமல் போகத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அவளுடைய யோசனை புத்தகத்திலிருந்து எடுத்தது. ஆனால் மடத்தனமானது என்று சொல்லமாட்டேன். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு எழுதினால் எழுத்து தெரியாது. சூடு காட்டினால் பழுப்பாகத் தெரியும். போன தடவை வாப்பா ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானே அம்மியிலிருந்து பார்த்தேன். ஹபீபாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழெழுத்து தெரியாது. ஆகவே அவள் சொல்லச் சொல்லக் கடுதாசி எழுதுவது காலிதாவின் வேலை. எழுதியதை மாமா படித்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பின் வரிகளுக்கு நடுவே சாற்றால் எழுதி, மூலையில் ஒரு சின்ன விளக்குப் படம் போட்டால் வாப்பாவுக்குப் புரிந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். கடல் தாண்டிப் போகிற எந்தக் கடுதாசியையும் ஹபீபா சும்மா அனுப்பமாட்டாள். வியாழக்கிழமை அந்தி, மஃரிபு தொழுதபின் பாத்திஹா ஓதி, சாம்பிராணிப் புகையில் காட்டிவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை அண்ணன் கையில் கொடுப்பாள். சாம்பிராணி என்றால் கீழே கங்கு இருக்குமே! காலிதா அதையும் யோசித்திருந்தாள். உம்மா வழக்கமாக நாலே வசனமுள்ள குல்ஹுவல்லாவை மூன்று தரம் ஓதுகிற நேரம்தான் புகையில் பிடிப்பாள். அந்த நேரத்தில் சாறு நிறம் மாறுகிறதா என்று தாள் தாளாகச் சோதித்துப் பார்த்தாள், மாறவில்லை. அத்தனை பழமும் அதற்குத்தான் செலவாகியிருக்கிறது. குமரேசன்கூட இத்தனை கவனமாக இருந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளையக்கா! ஏ வெள்ளையக்கா!"

ஹபீபா இடைவெளி வழியாக வந்தாள். முக்காடு நழுவிக் கிடந்தது. கையில் கடுதாசி. பின்னால் காலிதா, அவள் முகத்தை நான் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

"எழுத்து மொளைச்சிருக்குக்கா!"

"என்ன மொளைச்சிருக்கு?"

"கல்யாணக் கடுதாசியாச்சே, மூணு குல்ஹுவல்லா பத்தாதுன்னு முழு யாசீனும் ஓதினேன். ஓதி முடிக்கிற வரைக்கும் கங்குமேல புடிச்சிருந்தேன். என் கண்ணு முன்னால வரிசை வரிசையா வருதுக்கா! நான் சொல்லி எழுதுனது நீல மை. இது காவி. யாரு எழுதுனது, வானத்து மலக்கா, ஜின்னு பூதமா? இவளப் படிக்கச் சொன்னா பயந்துபோயி வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்க படிங்க!"

எண்பத்து மூன்று வசனமுள்ள ஒரு யாசீனின் நீளத்தை அந்தப் பிள்ளை கணக்கில் வைக்கவில்லை. மகளின் கல்யாணத்துக்காகத் தாய் கூடுதலாக ஓதுவாள் என்பது எந்த உளவாளிக்குத் தோன்றும்?

விளக்கடியில் படித்தேன்.

'வாப்பா, நீல மையில் உள்ளது மாமா சொல்லி உம்மா சொன்னது. இதுதான் நான். வக்காலத்து அனுப்பாதீங்க. அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய மகள் என்னோடு படித்தவள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நீங்கள் வரும்வரை காப்பாற்ற யாரும் இல்லை. படித்ததும் எரித்துவிடவும். இப்படிக்கு, ஒற்றர் எண் பதினொன்று.'

'காப்பாற்ற யாரும் இல்லை' என்பதில் நானும் அடக்கம். அது உறைத்தது. உறைத்த வேகத்தில் ஏதாவது கெட்டிக்காரத்தனம் செய்யவேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது புத்தகத்தில் வத்சலா இதே மாதிரி மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு கோடு மாறாமல் பொய் சொல்லித் தப்பிப்பாள்.

"நல்ல வார்த்தைதான் ஹபீபா," என்றேன். "இந்தப் புள்ளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும், தகப்பன் கைவிட மாட்டான்னு எழுதியிருக்கு. இத அனுப்ப வேணாம். நீ பத்திரமா வச்சுக்க. வேற ஒண்ணு எழுதி அனுப்பிக்கலாம்."

எப்படி? ஒரே கல்லில் கடுதாசியும் நின்றது, புதுசு எழுத வழியும் ஆயிற்று. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

ஹபீபா அழுதாள். சந்தோஷ அழுகை. "அல்ஹம்துலில்லாஹ்! யாசீனுக்கு இத்தன பரக்கத்தா! இந்த நிக்காஹ்வ ஆண்டவனே கபூல்னு ஏத்துக்கிட்டான்க்கா!"

"இல்ல ஹபீபா, நான் என்ன சொல்றேன்னா..."

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க அவள் அங்கே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்கள் மட்டும் நடக்கிற பின்சந்து வழியாக அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். காலிதா இரண்டடி வைத்தாள், நின்றாள். அந்தச் சந்துக்கு அவளும் போகலாம். போய் என்ன சொல்வது?

அங்கே நடந்ததை மறுநாள் சுஐபு வீட்டு வேலைக்காரியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். சுஐபு கூடத்தில் லெப்பையோடு உட்கார்ந்திருந்தாராம். ஹபீபா கதவுக்குப் பின்னால் நின்று அண்ணனைக் கூப்பிட்டுக் கடுதாசியை நீட்டி, "காக்கா, லெப்பைய விட்டுச் சத்தமா ஓதச் சொல்லுங்க, இது யாசீனுல வந்த எழுத்து," என்றாளாம். லெப்பை மனசுக்குள் படித்தார். மடித்தார். சுஐபு மடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். சுஐபு இரண்டு தடவை படித்தார்.

"இதுல என்ன இருக்குன்னு வெள்ளையம்மா சொன்னா?"

ஹபீபா சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே, நான் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாளாம். அதற்கப்புறம் சுஐபு உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினார்.

அவள் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். தலையில் நிறைகுடம் வைத்திருப்பவள் மாதிரி ஆடாமல் அசையாமல் நடந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மகளை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நான் இடைவெளி வழியாக ஓடிப்போய்த் தடுத்துக் கொஞ்சம் நல்ல பெயர் எடுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சுஐபு தானே ஒரு கடுதாசி எழுதித் தபாலில் சேர்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம் காலிதா சுவரருகே வந்தாள். கண் இரண்டும் வீங்கி, சடை பின்னாமல், இரண்டு நாளில் மூன்று வயது கூடினவள் போல இருந்தாள். கணக்குப் போட்டுச் சொன்னாள்: கடுதாசி திங்களன்று கடைக்குப் போகும், வாப்பா அன்றைக்கே எழுதிப்போட்டால் வியாழன் வெள்ளியில் வக்காலத்து வந்துவிடும், ஞாயிறு நிக்காஹ்.

"நீங்க உள்ளதப் படிச்சிருந்தா உம்மா அழுதிருக்கும், பெரியம்மா. அழுதா மாமாகிட்டப் போயிருக்காது. அடுப்புல போட்டுட்டு எங்கூடப் படுத்திருக்கும்."

"கதையில வத்சலா பொய் சொல்லித்தானே தப்பிக்கிறா?"

"வத்சலாவுக்கு உம்மா கிடையாது பெரியம்மா."

நான் பதினொன்றையும் மனசுக்குள் புரட்டினேன். உண்மைதான். தகப்பன் விஞ்ஞானியாக இருப்பான், மாமன் ராணுவத்தில் இருப்பான், வேலைக்காரக் கிழவன் ஒருவன் இருப்பான். தாய் என்று ஒருத்தி ஒரு பக்கத்தில்கூட வரவில்லை. வந்தால் கதை நகராது என்று எழுதினவனுக்குத் தெரிந்திருக்கிறது. தாய் இல்லாத ஊரில்தான் பதினாலு வயசுப் பிள்ளை படகு ஓட்ட முடியும். அதனால்தான் நம் பிள்ளைகள் அந்த ஊருக்குப் போக அப்படித் துடிக்கிறார்கள்.

"கெணறு ரொம்ப ஆழமில்ல பெரியம்மா," என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் தோளைப் பிடித்தேன். "ஏ புள்ள, இங்கன பாரு. நான் ஒண்ணு செய்யிறேன். ஆனா உம்பேரு ஊர்ல நாறிப்போகும்."

"நாறட்டும்."

"அப்புறம் எவனும் கட்டவே மாட்டான்."

"அதத்தானே கேக்குறேன்!"

தபாலில் போட்டால் சுஐபு கடுதாசிக்குப் பின்னால்தான் போகும். தந்தி அடிக்கப் போனால் தபாலாபீசில் எழுதுகிறவரே சுஐபுக்கு ஆள் அனுப்புவார். என்னிடம் இருந்தது ஒரு வாய். இருபது வருஷமாகத் தெரு முழுக்க அதைக் கரித்துக் கொட்டியிருக்கிறது. ஒரு நாளாவது உதவட்டும் என்று கிளம்பினேன். மூன்று பேரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் கொழும்புக்குப் போகிற மெஹருன்னிசா. ஸ்டேஷனில் மீன் விற்கிற தங்கச்சிமடத்துக்காரி. வண்டி கழுவுகிறவன் பெண்டாட்டி. தகப்பனுக்குத் தெரியாமல் பொய் வயது சொல்லிக் கட்டிக்கொடுக்கிறார்கள், பிள்ளை கிணற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றேன். ஒவ்வொருத்தியிடமும், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவள் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். சத்தியம் வாங்காவிட்டால் பேச்சு நடக்காது, படுத்துவிடும்.

நடந்தது. நான் நினைத்ததைவிட வேகமாக. சாயங்காலத்துக்குள் பிள்ளை ரத்தத்தால் கடுதாசி எழுதியிருந்தாள். தங்கச்சிமடத்தைத் தாண்டும்போது கிணற்றில் இறங்கிவிட்டாள். தனுஷ்கோடியில் கிணறு கடலாகிவிட்டது. பாம்பன் பாலத்திலிருந்து குதித்துவிட்டாள், பாலத்து வேலைக்காரர் ஒருத்தர் கண்ணால் பார்த்தார். அந்த வேலைக்காரர் யார் என்று பார்த்தால் என் வீட்டுக்காரர்! அவர் திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்து சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, நான் எதையாவது பாத்தேனா?"

"சாப்பிடுங்க," என்றேன்.

புதன்கிழமை தந்தி வந்தது. தந்திக்காரன் சைக்கிள் தெருவில் நுழைந்தாலே பெண்கள் மாரில் கை வைத்துக்கொள்வார்கள். ஹபீபா வீட்டு வாசலில் அவன் இறங்கினான். இங்கிலீஷ் படிக்க ஆளில்லாததால் அவனே படித்து, தலையைச் சொறிந்துகொண்டு தமிழில் சொன்னான்.

"'மகள் உடல் கிடைத்ததா? புறப்படுகிறேன். சதக்கத்துல்லா.'"

ஹபீபா கதவிடுக்கில் நின்றிருந்தாள். கேட்டதும் பின்னால் கையை நீட்டித் துழாவினாள். காலிதாவின் முழங்கை அகப்பட்டது. அதைப் பிடித்தவள் விடவேயில்லை; சாயங்காலம் பார்த்தபோது அந்த இடத்தில் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அவர் வந்தார். பெட்டி இல்லை, பை இல்லை. கடையில் உடுத்தியிருந்த கைலி, நாலு நாள் தாடி. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றைக் கப்பலில் விட்டாரோ ரயிலில் விட்டாரோ. தெருவே கூடி நின்றது. ஒருத்தரும் வாயைத் திறந்து, உன் மகள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. என்ன நடக்கிறது பார்ப்போம் என்கிற ஆசைதான். முன்வரிசையில் நானும் நின்றேன்.

காலிதா வாசலுக்கு வந்தாள். பெரியவளான பிறகு அவள் வாசலைத் தாண்டியது அன்றுதான். "வாப்பா," என்றாள்.

அவர் அவள் தலையைத் தொட்டார். காதைத் தொட்டார். இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தெருவில் அப்படியே குந்தி உட்கார்ந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டார். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

சுஐபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. "எந்திரிங்க மச்சான். எல்லாம் எவளோ கட்டிவிட்ட கதை. அதான் நீங்களே வந்துட்டீங்களே, வக்காலத்துக்கூட வேணாம், நாளன்னிக்கு நிக்காஹ்வ முடிச்சிருவோம்."

சதக்கத்துல்லா அண்ணாந்து பார்த்தார். "நான் மக மையத்த எடுத்து அடக்க வந்தவன் மச்சான். எங்கிட்டப் போயி நிக்காஹ்வுக்குக் கேக்குறீங்களே."

அவ்வளவுதான் பேசினார். சுஐபுக்கு மேலே பேச வேலையும் இருக்கவில்லை. பாலத்திலிருந்து குதித்த பெண் வேண்டாம் என்று காதர் மைதீன் அன்று மதியமே சொல்லியனுப்பிவிட்டார். குதிக்கவில்லை என்று யார் போய்ச் சத்தியம் செய்தாலும் அந்தப் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். இனி ராமநாதபுரம் வரைக்கும் அவளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

கேட்டது கிடைத்தது. மீதியையும் சொல்லவேண்டும். கடையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவருக்கு அங்கே இடம் போய்விட்டது. இலங்கைக்கு மறுபடி நுழையவேண்டுமானால் புதிதாக அனுமதிச் சீட்டு வேண்டுமாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் உலை ஏற வேண்டுமே. பத்தாம் நாள் சதக்கத்துல்லா மச்சானின் சங்குக் கொட்டடியில் போய்த் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த நாற்றம் பழகாமல் முதல் நாள் வாந்தி எடுத்தார் என்று கேள்வி. மச்சானுடைய சோற்றைச் சாப்பிடுகிற வாய், ராமநாதபுரத்துக்கும் அப்பாலிருந்து அந்த மச்சான் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவரும்போது இன்னொரு தரம் மாட்டேன் என்று சொல்லுமா? காலிதா அதை யோசித்திருப்பாள். கிணற்றடியில் அவள் முகத்தில் எனக்கு அது தெரிந்தது.

எங்களுக்கு மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஹபீபா வந்தது. கையில் ஓலைத் தட்டி. இடைவெளியில் அதை நிறுத்திக் கட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள், யாசீன் ஓதிய நாளுக்கப்புறம் முதல் தடவையாக.

"எம்மக மறைச்சா. சின்னப்புள்ள, பயந்து மறைச்சா. நீங்க ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"புள்ளையக் காப்பாத்தத்தான் ஹபீபா..."

"எனக்கு எழுத்து தெரியாதுன்னுதானே? தெரிஞ்சவளா இருந்தா சொல்லியிருப்பீங்களா? எம்மக கெணத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு மீன்காரிக்குச் சொன்னீங்க. வண்டி கழுவுறவ பொண்டாட்டிக்குச் சொன்னீங்க. ஒரு சொவரு தள்ளி இருக்கேன், எனக்குச் சொன்னீங்களா?"

என் வாய்க்குப் பதில் வராமல் போனது அது ஒரு தடவைதான். ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

தட்டியை இறுக்கிக் கட்டிவிட்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்கு ஓலை என்ன தடை? சாமான் மூட்டை கட்டிய கடைசி வாரம் முழுக்க, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் அந்தப் பக்கம் பலகையில் சுண்ணாம்புக் கட்டி கீறுகிற சத்தம் கேட்டது. முதலில் காலிதா ஒன்று சொல்வாள், பிறகு ஹபீபா சொல்வாள். நாற்பது வயதுக்காரியின் குரல், கோபம் ஆறாத குரல், ஒவ்வோர் எழுத்தையும் அதட்டிக்கொண்டே போகும். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன்.

"இது என்ன?"

"ம, உம்மா."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"குர்ஆன் மேல?"

"குர்ஆன் மேல, உம்மா. ம."

பிறகு ஹபீபா தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி," என்றாள். "அடுத்தத எழுது."